கோர்னர் அண்ணையின் பாதிப் பாட்டு

கால்பந்தாட்டத்தில் பந்து எந்தப் பக்கம் போனாலும் அது கோர்னர் கிக்தான் என்று நம்பிய மனிதர் சுவிஸ் நாட்டில் ஒருவர்தான் இருந்தார். பந்து கோட்டைத் தாண்டினால் கோர்னர். யாராவது விழுந்து காலைப் பிடித்தாலும் கோர்னர். ஒருமுறை எங்கள் வலைக்குள்ளேயே கோல் விழுந்தது. அதற்கும் "கோர்னர்!" என்று கத்தினார். அதனால் அவர் கோர்னர் அண்ணை.

அவருக்கு ஓர்லிகோன் பக்கம் ரயில்பெட்டி கழுவுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊஸ்டரில் எங்கள் தமிழ்க் கழகம் விளையாடினால், ஜக்கெட்டுக்கு மேல் ஜக்கெட் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்பார். ஒருநாள் அவருடைய சத்தம் தாங்காமல் சுவிஸ் நடுவர் ஓடிவந்து அவருக்கு மஞ்சள் கார்ட் காட்டினார். விளையாட்டைப் பார்க்க வந்தவருக்கு! அண்ணை கைகூப்பி "டாங்க ஷேன்" என்று நன்றி சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த நாட்டில இருக்கிறதுக்கான பெர்மிட் கார்டுக்கு எட்டு வருசம் அலைஞ்சனான் தம்பி. இவன் கேக்காமலே காட்டிட்டான்."

எங்கள் கழகத்துக்குப் பாட்டைக் கொண்டுவந்ததும் அவர்தான். நாங்கள் தோற்கத் தொடங்கியதும், அதாவது ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில், "தோண்டு தோண்டு, இன்னும் தோண்டு!" என்று எடுப்பார். "ஐயா வளவில தண்ணி வருது!" என்று நாங்கள் முழங்குவோம். எதிரணியின் கோலைத் தோண்டச் சொல்கிறோம் என்பது எங்கள் எண்ணம். எந்த ஐயா, யாருடைய வீட்டு வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டது மிதுலா. கழகத்தின் செயலாளர், சூரிச்சில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பவள். யாழ்ப்பாணத்தில் இருந்த பழைய பாதிரியார் ஒருவரின் குறிப்பில் அந்த வரிகளைக் கண்டிருக்கிறாள். பனிப்புகார் மூடிய ஒரு நவம்பர் மாலை, பள்ளிக்கூட அறையில் கழகக் கூட்டம் நடந்தபோது எழுந்தாள்.

"இது அடிமையள் கிணறு தோண்டேக்க பாடின பாட்டு. மற்ற நாடுகளிலயும் இப்பிடிப் பாட்டுகளை மைதானத்தில பாடுறதோ விடுறதோ எண்டு கதைக்கினம். நாங்களும் நிப்பாட்டோணும்."

தலைவர் சிரித்தார். "பிள்ளை, அடிமை எண்டது ஆபிரிக்கா ஆக்களுக்கு. எங்கட யாழ்ப்பாணத்தில அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கோர்னர் அண்ணை மூலையில் நின்று கோப்பைகளில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போத்தலைக் கீழே வைத்தார்.

"இருந்தது" என்றார். "என்ர பூட்டன்ர தகப்பனை வளவோட சேர்த்து எழுதி வித்தவை. அவர் தோண்டின கிணறு இப்பவும் கிடக்கு. என்ர அம்மாவுக்குக்கூட அதில வாளி போட உரிமை இல்லை. பாட்டு அம்மா பாடினது. மிச்சமும் இருக்கு." பிறகு, மைதானத்தில் ஒருநாளும் கேளாத ஒரு சின்னக் குரலில் பாடினார்:

"வந்த தண்ணி ஐயாவுக்கு, வாய் நனைக்க மழை இருக்கு."

தலைவர் தன் கைப்பேசியைப் பார்த்தார். அது அணைந்து கிடந்தது. மிதுலாவின் கண் கலங்கிவிட்டது. "அப்ப கட்டாயம் நிப்பாட்டுவம் அண்ணை."

"நான் நிப்பாட்டச் சொல்லேல்லை பிள்ளை. பாடுறதெண்டா முழுசாப் பாடுங்கோ. ஏலாட்டி விடுங்கோ."

"இவ்வளவு காலமும் ஏன் பாதி பாடினீங்கள்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முழுசாப் பாடினா நீங்கள் என்னைப் பாக்கிற பார்வை மாறிடும் தம்பி."

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தலைவர் சொன்னார். எல்லோரும் அவசரமாக எழுந்து போனோம். அவர் ஊற்றிய தேத்தண்ணீர் மேசையில் தொடுவாரில்லாமல் ஆறிக் கிடந்தது. அதில் ஒரு கோப்பை என்னுடையது.

அடுத்த ஞாயிறு அவர் பாட்டை முழுவதும் பாடினார். மிதுலா மட்டும் கூடப் பாடினாள். மற்றவர்களுக்குத் திடீரென்று தொண்டை கட்டிவிட்டது. நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து.

அதன்பிறகு அவரைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். தலைவர் மகனின் கல்யாணக் கார்ட் அவருக்கு வந்து சேரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டதாம். இந்த நாட்டில் ஒரு கடிதம் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. மார்கழிக்குப் பிறகு அவர் வரவில்லை. பாட்டை விடுவதா என்று யாரும் தீர்மானிக்கவும் இல்லை. எடுக்க ஆளில்லாமல் அது தானாக நின்றது.

பங்குனியில் நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அதற்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

"அண்ணை, ஞாயிறு மட்ச் இருக்கு. வாங்கோ."

"ஆர் கூப்பிடினம்? கிளப்போ?"

"இல்லை, நான்தான்."

"கிட்ட நிப்பீரோ?"

"ஓம் அண்ணை."

வந்தார். தோளோடு தோள் முட்ட நின்றேன். மிதுலா வந்து மற்றப் பக்கம் நின்றாள். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அவர் பாடவில்லை. எடுங்கோ என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

என் வீடு மைதானத்துக்குப் பின்னால்தான். ஆனாலும் அவரோடு ரயில் நிலையம்வரை நடந்தேன். அவருடைய ரயில் வந்து நின்றது, கதவு திறந்தது.

"எங்கட வீட்டில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்ததில போங்கோ அண்ணை" என்றேன்.