ஜெனரலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது

வாழ்க்கையில் எனக்குத் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதை என்னிடம் கேட்ட அன்று, தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் நானே வாசித்து விளக்குவேன். (பாதி விளங்காது. அது வேறு கதை.) பள்ளி இறுதிச் சோதனையில் தேறினால் தலையில் வெள்ளைத் தொப்பி வைப்பார்கள். கணிதம் ஏற்கெனவே காலை வாரிவிட்டிருந்தது. வரலாற்றிலும் விழுந்தால் தொப்பி இல்லை.

அது 2009. ஊரில் யுத்தம் முடிந்து சில வாரங்கள். சித்தப்பா குடும்பம் முகாமில் இருந்தது. இங்கே யாராவது எங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தால் அங்கே அவர்களைப் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அப்பா முதலில் தொலைக்காட்சியைச் சந்தேகித்தார், பிறகு தொலைபேசியை, கடைசியில் நாயோடு எங்கள் வாசலைக் கடக்கும் பக்கத்து வீட்டுக்காரரை.

"ஒரு நாயை நாளுக்கு எத்தினை தரமடா நடத்திறது?"

சோதனைக்குப் புறப்படும்போதும் அதே உபதேசம். "தம்பி, கொப்பியோடை இருக்கிறவனுக்கு முன்னாலை வாய் திறக்காதை. தெரியாது, காணேல்லை, நாங்கள் அரசியல் கதைக்கிறேல்லை. விளங்குதோ?"

"அப்பா, நான் சோதனைக்குப் போறன்."

"எங்கை போனாலும்தான்."

வாய்மொழிச் சோதனைக்காகக் குலுக்கி எடுத்த கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்கா. நான்கு பேர் போட்டியிட்ட ஜனாதிபதித் தேர்தலில் ஒரு ஜெனரல் முதலாவதாக வருகிறார். ஆனாலும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகிறது. நாலாவதாக வந்த சபாநாயகர் இரண்டாவதாக வந்தவரை ஆதரிக்க, இரண்டாமவர் ஜனாதிபதி, சபாநாயகர் வெளியுறவுச் செயலாளர்! இரகசிய ஒப்பந்தம் என்று ஜெனரலின் ஆட்கள் கொதிக்கிறார்கள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

உள்ளே, பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் எங்கள் ஆசிரியை கிர்ஸ்டன். பக்கத்தில் வேறு ஊரிலிருந்து வந்த பரீட்சகர். அறியாத முகம். முன்னால் குறிப்பெழுதும் கொப்பி.

என் பதற்றத்தைத் தணிக்க நினைத்தாரோ என்னவோ, அந்த மனிதர் சிரித்தபடி டெனிஷில் கேட்டார். "உங்கட பெயரைப் பார்த்ததும் இலங்கையோ எண்டு நினைச்சன். நான் கொழும்புக்குப் போயிருக்கிறன். உங்கட சொந்தக்காரர் எந்தப் பக்கம்?"

சொல்லிவிட்டுப் பேனையைத் திறந்தார்.

கொப்பியோடை இருக்கிறவன்! அதற்குப் பிறகு நானும் டெனிஷில்தான் கதைத்தேன். ஆனால் பதில்கள் எல்லாம் சோதனைச்சாவடிப் பதில்கள்.

"சரி, சொந்தக்காரரை விடுவம். சனம் ஆரை விரும்பினது?"

"தெரியாது. நான் அங்கை இருக்கேல்லை."

"ஜெனரலுக்குத்தானே கூட வாக்கு?"

"எந்த ஜெனரல்?"

கிர்ஸ்டன் முன்னால் சாய்ந்தார். "நேற்று எனக்கு அரை மணித்தியாலம் விளக்கினீரே!"

(காட்டிக் கொடுக்கிறாள் பாருங்கள் என்று நினைத்தேன். பாவம், அந்த மனுஷி.)

"இரண்டாவதாக வந்தவரும் சபாநாயகரும் இரகசியமாக் கூட்டம் வைச்சிருப்பினமோ?" என்றார் பரீட்சகர்.

"நான் ஒரு கூட்டத்துக்கும் போறேல்லை."

"அது இருநூறு வருசத்துக்கு முந்தின கூட்டம். எல்லாரும் செத்துப் போச்சினம்."

"செத்தவையைப் பற்றி நாங்கள் கதைக்கிறேல்லை."

அவர் எழுதினார். எழுத எழுத நான் இறுகினேன். கிர்ஸ்டன் கடைசியாகக் கெஞ்சினார்: "அந்தக் காலத்து அமெரிக்க அரசியலைப் பற்றி ஒரு வசனமாவது?"

"எங்களுக்கு அரசியல் தெரியாது, டீச்சர். நாங்கள் படிக்கிற பிள்ளையள்."

வெளியே அனுப்பிவிட்டு வெகுநேரம் கதைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது கிர்ஸ்டனின் கண் சிவந்திருந்தது. இரண்டு புள்ளி. தேறுவதற்கான ஆகக் குறைந்த புள்ளி.

"இவர் ஆதாரமில்லாமல் ஒரு வார்த்தையும் சொல்லேல்லை," என்றார் பரீட்சகர். "மூலங்களைச் சந்தேகிக்கிறதும் வரலாறுதானே." பிறகுதான் தன் கொப்பியை மூடினார். அதில் என் பெயரும், வரிசையாகக் கேள்விக்குறிகளும் மட்டும்தான் இருந்தன.

வாசலில் அப்பா நின்றார், சின்ன டெனிஷ் கொடியோடு.

"என்ன கேட்டவங்கள்?"

"அரசியல்."

அப்பாவின் முகம் வெளுத்தது. "நீ என்ன சொன்னனி?"

"தெரியாதெண்டு."

அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். அதுவரை கட்டிப்பிடித்ததில்லை.

இன்றைக்கும் எஸ்பியர்க்கில் பிறந்தநாள் விழா நடந்தாலும் ஹ்விடோவ்ரேயில் கலியாணம் நடந்தாலும் என் சான்றிதழின் மிகக் கேவலமான புள்ளியைத்தான் அப்பா சபையில் எடுத்து வைப்பார். "ரெண்டு பேர், அரை மணித்தியாலம் விசாரணை! என்ரை பிள்ளை அந்த ஜெனரலை விட்டுக் குடுக்கேல்லை!"

அந்த ஜெனரல் யாரென்று அவர் இதுவரை கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.