ஒருத்தர் மட்டும் நிற்கலாம்

"ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க தம்பி. பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துடறேன்."

ஊதா நிறக் குளிர்கோட்டுப் போட்ட அந்த அக்கா சொல்லி முடிப்பதற்குள் அட்டை மா ஜொங்குவின் கைக்கு வந்துவிட்டது. சரி என்றோ முடியாது என்றோ சொல்ல அவன் வாயைத் திறந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

அட்டை அவன் உயரத்தில் பாதி இருந்தது. கழுத்தை வளைத்துப் படித்தான்.

'33-ஆம் நம்பர் மினி பஸ்ஸை நிறுத்தாதே! தால்போங் மலையில் இருப்பவர்களும் மனிதர்கள்தான்!'

ஜொங்கு சட்டென்று மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பஸ்ஸை நிறுத்தலாம் என்று பக்கம் பக்கமாகக் காரணம் எழுதிக் கோப்புத் தயாரித்த ஆளே அவன்தான். மாநகராட்சிப் போக்குவரத்துப் பிரிவில் குமாஸ்தா. கோப்பு இப்போது அவன் தோள்பையில் இருந்தது. சாப்பாட்டு வேளையில் கடைக்குக் கொண்டுபோய் அழகாக பைண்டிங் போட்டு எடுத்துக்கொண்டு, விசிலடித்தபடி ஆபீஸ் வாசலுக்கு வந்தவனைத்தான் அந்த அக்கா பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மேயரின் கூட்டம். அதற்குள் கோப்பு மேலே போனால் மலைக்குப் பஸ் கிடையாது, ஜொங்குவுக்குப் பதவி உயர்வு உண்டு. போகாவிட்டால் பஸ் ஓடும், ஜொங்கு உட்கார்ந்த நாற்காலியிலேயே இன்னும் பல வருஷம் உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான் கணக்கு.

மூன்று வாரமாக இந்த வாசலில் தினமும் யாராவது ஒருவர் இந்த அட்டையோடு நிற்பதை அவன் மாடியிலிருந்து பார்த்திருக்கிறான். ஒருநாள் மீன்கடைக்காரர், ஒருநாள் கல்லூரிப் பெண், ஒருநாள் தபால்காரர். பிரிவுத் தலைவர் பாங் ஜன்னலருகே நின்று பல்லைக் கடிப்பார். "இதுக்குப் பின்னாடி பெரிய சங்கமே இருக்குய்யா. முறை போட்டு ஆள் அனுப்பறானுங்க. தலைவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சுது..."

ஐந்து நிமிஷம் ஆயிற்று. அக்கா வரவில்லை. ஜொங்கு அட்டையை மெதுவாகச் சுவரில் சாய்த்தான்.

"சார், சார்! அப்படி வைக்கக் கூடாது." வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தோ கில்சு ஓடி வந்தார். உருண்டை முகம், மூக்கு மட்டும் குளிரில் சிவந்திருந்தது. "ஆள் பிடிச்சுட்டு நின்னா அது போராட்டம். கீழ வெச்சா அது குப்பை. துப்புரவு வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடும். அப்புறம் அட்டைக்காரங்க வந்து தேடுவாங்களா, இல்லையா?"

"அப்ப நீங்க கொஞ்சம் பிடிங்களேன்."

"நல்லா இருக்கே! யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நான் இதைப் பிடிச்சா எனக்கு வேலை இருக்குமா?"

எனக்கு மட்டும் இருக்குமா என்று ஜொங்கு மனசுக்குள் கேட்டுக்கொண்டான். எழுத்தாவது தெரியாமல் இருக்கட்டுமே என்று அட்டையைத் திருப்பினான். பின்பக்கத்தில் சிவப்பு மையில், இன்னும் பெரிதாக எழுதியிருந்தது: 'போக்குவரத்துப் பிரிவே! ஒருதரம் நடந்து ஏறிக் காட்டு!'

பதறிப்போய்ப் பழையபடி திருப்பினான்.

அடுத்து முகத்தை மறைத்தான். முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றி, கோட்டுத் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. எதிரே இருந்த காபிக்கடைப் பெண் தெருவைக் கடந்து வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேலை போயிடும்னு முகத்தை மூடிக்கிட்டு நிக்கறீங்க, இல்ல?"

ஜொங்கு தலையாட்டினான். அது நூற்றுக்கு நூறு உண்மை.

"அப்படியும் வந்திருக்கீங்களே!" அவள் கண் கலங்கிவிட்டது. அவன் கோட்டுப் பைக்குள், குளிருக்குக் கையைச் சூடாக்கும் பொட்டலம் ஒன்றைத் திணித்தாள். "உங்களுக்குக் காபி எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. இங்க நிக்கறவங்களுக்குன்னு யார் யாரோ முன்கூட்டியே காசு கட்டிட்டுப் போறாங்க, பேர்கூடச் சொல்லாம." சொல்லிக்கொண்டே, போராட்டக்காரர்கள் கட்டும் சிவப்புத் தலைப்பட்டை ஒன்றை அவன் நெற்றியில் இறுக்கிக் கட்டினாள். பின்னால் நகர்ந்து ஒரு போட்டோவும் எடுத்தாள். 'வேலையைப் பணயம் வைத்து ஒருவர்' என்று அந்தப் போட்டோ ஊர் முழுக்கக் கைபேசிகளில் ஓடத் தொடங்கியது அவனுக்குத் தெரியாது.

கூன் விழுந்த ஒரு பெரியவர் வந்து நின்றார். ஜொங்குவுக்கு உயிர் வந்தது. "ஐயா, இதைக் கொஞ்சம் வாங்கிக்கறீங்களா? ஒரே ஒரு நிமிஷம்..."

"ஐயோ, நானா? உங்க இடத்தை நான் பிடுங்குவேனா?" பெரியவர் இடுப்புவரை குனிந்து வணங்கினார். "என் சம்சாரத்துக்கு வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும். 33 வந்தாத்தான் ஆஸ்பத்திரி. பஸ்ஸை நிறுத்திட்டா அவளை முதுகுல சுமந்துதான் இறக்கணும். என் முதுகைப் பார்த்தீங்களா? உங்களை மாதிரி ஒரு பிள்ளை எங்களுக்காக நிக்குதேன்னு அவகிட்டச் சொல்லப் போறேன்."

கோப்பில் 'பயணிகள் மிகக் குறைவு' என்று ஜொங்கு எழுதிய வரி ஞாபகம் வந்தது. குறைவான அந்தப் பயணிகளில் ஒருவர் இதோ அவன் முன்னால் குனிந்து நிற்கிறார். வெட்கத்தில் காது சுட்டது.

பையில் போன் அலறியது. பாங்!

"எங்கய்யா இருக்கே? கோப்பு எங்க? மணி ஒண்ணு அடிச்சு எவ்வளவு நேரமாச்சு!"

"வாசல்லதான் சார்... மாட்டிக்கிட்டேன் சார்... நகர முடியல..."

"மாட்டிக்கிட்டியா? சூழ்ந்துக்கிட்டானுங்களா? எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான் சார். ஆனா..."

பாங் 'ஆனா'வுக்குக் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாநகராட்சியின் பெரிய இரும்புக் கதவு கிறீச்சென்று மூடிக்கொண்டது. இரண்டு போலீஸ் வண்டிகள் வந்து நின்றன. ஊழியரைக் கூட்டம் சிறைபிடித்துவிட்டதாக உள்ளே செய்தி பரவியிருந்தது.

மூடிய கதவையும் இரண்டு போலீஸ் வண்டியையும் பார்த்த பிறகு எந்த ஊரில் எவன் சும்மா போவான்? சந்தைக்குப் போனவர்கள் நின்றார்கள். போட்டோவைப் பார்த்தவர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். நூடுல்ஸ் கடைக்காரர் கரண்டியோடு வந்து ஜொங்குவின் தோளோடு தோள் நின்றார். "இவரைத் தொடுங்க பார்ப்போம்!"

தோ கில்சு பாய்ந்து வந்தார். "அண்ணே, விலகு விலகு! ஒருத்தர் நின்னா அனுமதி வேண்டாம். ரெண்டு பேர் சேர்ந்தாலே கூட்டம். கூட்டத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். இவரையும் சேர்த்துப் பிடிச்சுட்டுப் போக வெக்காதீங்க."

"அப்ப நான் எங்க நிக்கறது?"

"இருபது மீட்டர் தள்ளி நில்லுங்க. அங்க நீங்களும் தனி ஆள்."

நூடுல்ஸ்காரர் பெரிய பெரிய எட்டாக வைத்து அளந்துகொண்டு போய், கமலா ஆரஞ்சுப் பெட்டி ஒன்றைக் கிழித்து எழுதித் தூக்கிப் பிடித்தார். அவருக்கு இருபது மீட்டர் தள்ளிக் காபிக்கடைப் பெண். அவளுக்கு இருபது மீட்டர் தள்ளி அந்தப் பெரியவர். அதற்கப்புறம் யாரும் தோ கில்சுவைக் கேட்கவே இல்லை. வருகிறவர்கள் கடைசி ஆளைக் கண்டுபிடித்து, எட்டு வைத்து அளந்து, தனியாக நின்றார்கள்.

அட்டைகளை ஜொங்கு எட்டிப் படித்தான். 'என் மாமியார் ஊருக்குத் திரும்பிப் போக அந்த ஒரு பஸ்தான். கருணை காட்டுங்கள்.' 'என் முழங்காலைக் கேட்டுவிட்டு முடிவெடு.' தூரத்தில் ஒரு டாக்சி டிரைவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தன் போட்டியையே காப்பாற்ற நின்றார். சூட்டும் டையும் போட்ட ஒருவர் நோட்டுத்தாளில் எழுதியிருந்தார்: 'தால்போங் மலை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் நிறுத்தாதே.'

கோஷம் இல்லை. கோஷம் போட்டால் கூட்டம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூச்சுக்காற்று மட்டும் வாய்களிலிருந்து புகையாக வந்தது. வரிசை கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மலையடிவாரத்துக்குப் போய்விட்டது. வாசலிலிருந்து பார்த்தால் வளைந்து வளைந்து ஏறும் அந்த மலைப்பாதை நன்றாகத் தெரியும். அதில் புள்ளி புள்ளியாக ஆட்கள். மேலேயிருந்தும் இறங்கி வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு முனையும் நடுவில் எங்கோ சேர்ந்துகொண்டது.

33-ஆம் நம்பர் பஸ் அந்த வழியே ஊர்ந்து வந்தது. உள்ளே ஒரு பயணிகூட இல்லை. எல்லாரும் வழியிலேயே இறங்கி நின்றுவிட்டார்கள். காலி பஸ்ஸை ஓட்டி வந்த டிரைவர் ஒவ்வொரு ஆளையும் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி மாட்டினார். அவருக்கு அன்று முழுக்க அதே வேலைதான்.

ஜொங்கு வாயைப் பிளந்து நின்றான். ஏழு வருஷமாக இந்த ஊர் மக்களை அவன் எண்களாகத்தான் பார்த்திருக்கிறான். மனிதர்களாக, முகத்தோடு, இப்படி ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் ஒன்றாக நிற்பதை அவன் பார்த்ததே இல்லை. மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. குளிர் இல்லை அது, குளிர் எப்போதோ மறந்துபோயிருந்தது.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு பாங் வெளியே வந்தார். தோள்பையைப் பார்த்தார். தலைப்பட்டையைப் பார்த்தார். "மா ஜொங்குவா அது? டேய்!"

"சார்... கோப்பு பையிலதான் இருக்கு. ரெண்டு கையிலயும் அட்டை."

பாங் பாய்ந்து வந்து பையைத் திறக்கக் கை நீட்டினார். தோ கில்சு சல்யூட் அடித்து நடுவில் நின்றார். "சார், இப்ப நீங்க ரெண்டு பேர். இது கூட்டம். தயவுசெஞ்சு இருபது மீட்டர்."

"நான் பிரிவுத் தலைவர்யா!"

"தலைவர்னா இன்னும் மோசம் சார். பொறுப்பாளர்னு முதல்ல உங்க பேரைத்தான் எழுதணும்."

பாங் பின்பக்கமாகவே நடந்து இருபது மீட்டர் போனார். அங்கிருந்து கத்தினார். "மா ஜொங்கு! அட்டையைப் போட்டுட்டு ஓடி வா! மணி ரெண்டாகப் போகுது!"

போட்டுவிட்டு ஓடலாம். அவ்வளவு சுலபம் அது. பதவி உயர்வு நடக்கிற தூரத்தில் இருந்தது. ஜொங்கு வரிசையைப் பார்த்தான். அந்தப் பெரியவர் கூன் முதுகை முடிந்தமட்டும் நிமிர்த்தி, பெட்டி அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். இறக்கவே இல்லை.

"ஒரு நிமிஷம் சார்!" என்று ஜொங்கு பதில் கொடுத்தான். அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை. இரண்டு மணி அடித்தது.

மாடி ஜன்னலில் மேயர் வந்து நின்றார். வாசலைப் பார்த்தார், கடைத்தெருவைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், தலையை மெள்ள நிமிர்த்தி மலையைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. 33-ஆம் நம்பர் பஸ்ஸை நிறுத்தும் யோசனை கைவிடப்பட்டது என்றும், அந்தப் பஸ்ஸிலேயே நாளை மேயர் மலைக்கு வருகிறார் என்றும் அறிவித்தார்கள்.

கட்டிப்பிடிக்க முடியாது, கூட்டமாகிவிடும். நூடுல்ஸ்காரர் நின்ற இடத்திலேயே கை தட்டினார். அடுத்து காபிக்கடைப் பெண். அடுத்து பெரியவர். கைதட்டல் ஒவ்வொரு ஆளாக நகர்ந்து, பாலத்தைக் கடந்து, மலை ஏறிப் போனது. உச்சியிலிருந்து மெலிதாகக் கேட்டபோது ஜொங்கு முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இனி மறைக்க என்ன இருக்கிறது? பாங் எப்போதோ உள்ளே போயிருந்தார்.

வரிசை கலைந்தது. ஊதாக் கோட்டு அக்காவை மட்டும் காணவில்லை. ஜொங்கு அட்டையைக் கொண்டுபோய்த் தோ கில்சுவிடம் நீட்டினான்.

"உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நான் போராட்டக்காரன் இல்லைங்க. யாரோ ஒரு அக்கா ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னாங்க, பிடிச்சேன். அவ்வளவுதான். இதை ஆரம்பிச்ச ஆள் யாரோ, அவங்க பெரிய ஆளுங்க. அவங்களைப் பார்த்தா இதைச் சேர்த்துடுங்க."

தோ கில்சு அட்டையை வாங்கிக்கொண்டு, அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மூணு வாரமா இங்க நின்ன அத்தனை பேரும் சாயங்காலம் என்கிட்ட இதையேதான் சார் சொல்லிட்டுப் போனாங்க."