என் காதுக்குள் நடந்தவன்

மொட்டை அடித்தால் தலைக்கனம் குறையும் என்பார்கள். எனக்குத் தலைக்கனம் அப்படியே இருந்தது, தைரியம்தான் குறைந்தது. (முடி இருந்தப்ப மட்டும் புலியா இருந்தீங்களா என்று என் மனைவி ரேவதி கேட்பாள். கேட்கட்டும்.)

எங்கள் மகளுக்கு முதல் மொட்டை. திருத்தணியிலேயே குடியிருப்பதால் முருகன் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. குழந்தை தாய்மாமன் குமரேசன் மடியில் உட்கார்ந்து மலையே அதிர அழுதாள். அவளுக்குத் துணையாக நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். தரிசனம் முடிந்ததும் எல்லோரும் வேனில் மலை இறங்கினார்கள். நான் மட்டும், பக்தி தலைக்கேறிப்போய், படி வழியாக இறங்குகிறேன் என்றேன்.

உச்சி வெயில். படிகளில் ஆள் நடமாட்டமே இல்லை. பாதி தூரம் வந்திருப்பேன். பின்னால் யாரோ வருவது கேட்டது. செருப்பில்லாத கால், லேசாக இழுத்து இழுத்து வைக்கிற நடை. சரக்... சரக்... வழி விடலாமென்று ஒதுங்கி நின்றேன். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். வெயில்தான் இருந்தது. மறுபடி நடந்தேன். மறுபடி வந்தது. நிழலில் படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்காமல், என் வலது தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. மீதிப் படிகளை நான் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். கீழே பூக்கடைக்காரம்மா, “இன்னா சார், யாராச்சும் தொரத்துறாங்களா?” என்று கேட்டார்.

மறுநாள் ரேவதி குழந்தையோடு மணவூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு லீவு. வீட்டில் நான் மட்டும். மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் வீடு கிணறு மாதிரி அமைதியானது. அந்த அமைதியில் சாதத்தை வாயில் வைத்து மென்றேன். என் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலில், யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

மெல்லுவதை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் நான்தான் மருத்துவ நிபுணர். படித்தது பி.காம்., வேலை அரக்கோணத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவது. ஆனால் கையில் போன் இருக்கிறதே! யார் தும்மினாலும் உடனே தேடி, குடும்ப குரூப்பில் வைத்தியம் போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நிபுணர் டாக்டரிடம் போவாரா? போனை எடுத்தேன். ‘பின்னால் யாரோ நடக்கும் சத்தம் காரணம்’ என்று தேடினேன்.

முதலில் வந்தது ஒரு ஆஸ்பத்திரியின் பக்கம். காதில் அழுக்கோ வேறு எதுவோ இருந்தால் இப்படிக் கேட்கலாம், நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள், காது டாக்டரைப் பாருங்கள் என்று நாலு வரி. எழுதிய டாக்டரின் பெயர், படிப்பு, கடைசியாகச் சரிபார்த்த தேதி எல்லாம் கீழே இருந்தன. பயமுறுத்தவே இல்லை. (எனக்கு வந்திருக்கும் வியாதிக்கு நாலு வரியா? அவமானமாக இருந்தது.) அடுத்ததுக்குப் போனேன்.

அது ஒரு வீடியோ. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கண் இமைக்காமல் என்னையே பார்த்தார். “நீங்கள் இப்போது தனியாக இருக்கிறீர்கள்” என்றார். சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். “எச்சில் விழுங்குங்கள். பின்னால் யாரோ நகர்வது கேட்கிறதா?”

விழுங்கினேன். நகர்ந்தது.

“அது மூளை நரம்பை அரிக்கும் புழு. முதல் கட்டம், காலடிச் சத்தம். இரண்டாம் கட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். மூன்றாம் கட்டத்தில் கூப்பிடாது. கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்.”

கீழே கருத்துகளைப் பார்த்தேன். ‘எனக்கும் இதே சத்தம் ஐயா, பயமா இருக்கு.’ ‘என் அண்ணனைப் பேர் சொல்லி கூப்பிட்டது, இப்ப அவர் இல்லை.’ விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெரிய கூட்டத்தின் நடுவே நிற்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் என்னைப் போலவே காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

தலையைச் சாய்த்துக் கவனித்தேன். சுக்... கூ... சுக்... கூ...

என் பெயர் சுகுமார். வீட்டில் கூப்பிடுவது சுகு.

வீடியோக்காரர் சொன்ன ஏழு மூலிகைத் தைலம் தபாலில்தான் வருமாம். அதுவரை தாங்குவதற்கு, கடுகெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி வலது காதில் விடச் சொல்லியிருந்தார். ‘இளஞ்சூட்டில்’ என்பதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. விட்டேன். கத்தினேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் காதைத் தீட்டிக் கேட்டேன். வெளியுலகம் மொத்தமாக அடைத்துப்போயிருந்தது. தெருவில் போன ஆட்டோ சத்தம்கூட அந்தக் காதுக்குக் கேட்கவில்லை. அவன் நடப்பது மட்டும் கேட்டது. இப்போது முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிற மாதிரி, சளப்... சளப்... முன்னைவிடப் பக்கத்தில்.

குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கடைசி மெசேஜ் என்ற நினைப்பில் போட்டது.

“எல்லாரும் நல்லா இருங்க. எனக்கு ரெண்டாங் கட்டம் வந்திடுச்சி. பேர் சொல்லிக் கூப்பிடுது. பாப்பா காதுகுத்துக்கு நான் இருக்க மாட்டேன். ரேவதி, அழுவாத. ஃப்ரிட்ஜ்ல மாவு பொங்கிகினு இருக்கு, பாத்துக்கோ...”

மணவூரிலிருந்து அடுத்த ரயிலில் மொத்தக் குடும்பமும் வந்து இறங்கியது. மாமியார் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். ரேவதி என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, எண்ணெய் வழிகிற காதைப் பார்த்தாள். தொட்டு மோந்து பார்த்தாள். அதுவரை இல்லாத ஒரு பயம் எனக்கு அப்போது வந்தது. அவள் பேசியது எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

“இன்னாத்த ஊத்தினீங்க? காது போயிடப் போகுது. நைனா, ஆட்டோவக் கூப்பிடு!” என்று தன் அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

காது டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. வாசலில் நின்ற எங்கள் கூட்டத்தைப் பார்த்து, “பேஷண்ட் யாரு?” என்றார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். பின்னால் நடந்து வருகிறவனைப் பற்றிச் சொன்னேன். முதலில் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். பிறகு விளக்கு வைத்த கருவியால் உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் மனதுக்குள் முருகனிடம் விடைபெற்றேன்.

“மொட்டை எப்ப போட்டீங்க?”

“நேத்துதாங்க.”

ஏதோ ஒரு சின்ன இடுக்கி உள்ளே போய் வந்தது. பஞ்சின் மேல் அவர் வைத்துக் காட்டியது, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற ஒரு முடித் துணுக்கு. எண்ணெயில் பளபளத்தது.

“செவிப்பறை மேல படுத்துகினு இருந்தது. நடந்தா உரசும், மென்னா உரசும். இவருதான் உங்க பின்னாடியே வந்தவரு.”

என் மாமனார் எட்டிப் பார்த்து, “ஆங், மாப்பிள்ளையோடதுதான்” என்று உறுதி செய்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. காதுத்தோல் வெந்திருக்கிறது, பறையில் ஓட்டை இருந்திருந்தால் கேட்கும் சக்தியே போயிருக்கலாம் என்றார். யார் எண்ணெய் ஊற்றச் சொன்னது என்று கேட்டார். போனைக் காட்டினேன்.

“இவரு பேரு இன்னா? எங்க படிச்சாரு? எப்ப சொன்னது இது? கடைசியில உங்ககிட்ட இன்னா விக்கிறாரு?”

நாலு கேள்வியில் கடைசி ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. குமரேசன் போனை வாங்கி அந்த ஆளின் மற்ற வீடியோக்களைத் திறந்தான். ஒன்றில் கோட்டு இல்லாமல் வீட்டுமனை விற்றுக்கொண்டிருந்தார்.

“பாவா, இந்தக் கருத்தையெல்லாம் பாத்தீங்களா?” என்றான் குமரேசன். அவன் குரல் மாறியிருந்தது.

பார்த்தேன். ‘எனக்கும் இதே சத்தம்’ என்று எழுதியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் எழுதியிருந்தார்கள். ஒரே எழுத்துப்பிழை. பெயர்கள் மட்டும் வேறு. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். எந்தப் பெயருக்கும் முகம் இல்லை, வேறு எந்த நடமாட்டமும் இல்லை. அண்ணனை இழந்தவர் வேறொரு வீடியோவில் சர்க்கரை வியாதிக்கு அதே அண்ணனை மறுபடி இழந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட மனிதர் இல்லை. முடித் துணுக்கைப் பார்த்தபோது எனக்கு வெட்கம்தான் வந்தது. இதைப் பார்த்தபோதுதான் நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது. (கையில். தலையில் வசதி இல்லை.)

காது பத்திரமாகத் தேறிவிட்டது. மகளின் காதுகுத்துக்கு நானும் இருந்தேன், இரண்டு காதாலும் மேளம் கேட்டேன். ஆனால் குரூப்பில் போட்டதை யாரும் அழிக்க விடவில்லை. பந்தி நடக்கும்போது ஒரு அவசரத்துக்குக் குமரேசனுக்குப் போன் செய்தேன். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து, அழுகிற என் குரலே சத்தமாக வந்தது. “எல்லாரும் நல்லா இருங்க. எனக்கு ரெண்டாங் கட்டம் வந்திடுச்சி...”

எனக்கென்று அதை ரிங்டோனாக வைத்திருக்கிறான். இத்தனை வருடமாகியும் மாற்றவில்லை. நான் கூப்பிட்டால் உடனே எடுப்பதும் இல்லை. மாவு பொங்குகிற இடம் வரைக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறான்.