குழுவில் விழுந்த மந்தி

சுகுமாறன் தட்டியது மூன்றே சொற்கள். அதற்குள் வாட்ஸ்அப் குழு பற்றிக்கொண்டது.

கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க வேண்டிய திலகாவைக் காணோமே என்று யாரோ கேட்டிருந்தார்கள். குளிப்பதை மலாய் மொழியில் மண்டி என்பார்கள். அவர்கள் இருந்த மலேசியத் தோட்டத்தில் தமிழிலும் அப்படித்தான். சுகுமாறன் ஆங்கில எழுத்தில், "திலகா அக்கா மண்டி" என்று அனுப்பினார். பாதிப் பேர் அதை மந்தி என்று படித்தார்கள். பெண் குரங்கு! குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள்.

திலகாவின் குரல்பதிவு வந்தது. "யாரப் பாத்து அந்த வார்த்த சொன்ன? இன்டர்நெட்ல கேவலப்படுத்துனா இப்ப சட்டம் இருக்கு, தெரியும்தானே? ரிப்போர்ட் போட்ருவேன் லா!"

சுகுமாறன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். போலீஸ் கேஸ் ஒன்று விழுந்தால் பெர்மிட் போய்விடும், பிறகு சோற்றுக்கு என்ன செய்வது?

"மொதல்ல மெசேஜ அழிங்க," என்றாள் மனைவி புனிதா.

அழித்தார். அதுவரை படிக்காதவர்களும் விழித்துக்கொண்டார்கள். "அழிக்கிற அளவுக்கு என்னாத்த எழுதுனாரு?" என்று கற்பனை கன்னாபின்னாவென்று ஓடியது. குழுவிலிருந்த ஜெயசங்கர், அழிப்பதற்கு முன் அதைப் படம்பிடித்து வைத்திருந்தவர், நல்ல மனசோடு மறுபடியும் போட்டார்.

"விளக்கிச் சொல்லிடுங்க," என்றாள் புனிதா.

விளக்கினார். "திலகா அக்கா, மண்டின்னா குளிக்கிறது. நீங்க அப்ப குளிச்சிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" கோயில் தலைவர் இராஜமாணிக்கம் கேட்டார்.

"தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு தலைவரே."

"எங்க நின்னு கேட்ட?"

புனிதா கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் அதத்தான் கேக்குறேன்."

"ரோட்ல! வேன்ல! ஹாரன் அடிச்சுக்கிட்டு!"

திலகா மறுபடி பேசினார். "திரும்பவும் அதே வார்த்தயா? ஒனக்குத் திமிரு!"

இனி வாதாடிப் பயனில்லை, காலில் விழுந்துவிட வேண்டியதுதான் என்று சுகுமாறன் முடிவு செய்தார். "மன்னிச்சிருங்க திலகா அக்கா" என்று தட்டி, வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொள்ளும் பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தது ஒரு குரங்கு.

"மூணாவது தடவ!" என்றது திலகாவின் குரல். "ஸ்டேஷன்ல பாப்போம்."

மறுநாள் பக்கத்து ஊரான பகாவிலிருந்து போலீஸ் கூப்பிட்டுவிட்டது. போகும் வழியெல்லாம் அவருக்கு அழுகை முட்டியது. பதினெட்டு வருடம் யார் வீட்டுப் பிள்ளையையும் ஒரு கீறல் படாமல் இறக்கிவிட்டவர், ஒரு குளியலால் கம்பி எண்ணப் போகிறாரே!

மேசைக்குப் பின்னால் கார்ப்பரல் மயூரி, குழுவில் வந்ததையெல்லாம் அச்சடித்து வைத்திருந்தார்.

"மேடம், சத்தியமா கொரங்குன்னு சொல்லல. அது மண்டி மேடம்! அந்தப் படம்கூட கண்ணு தெரியாம போட்டது. திலகா அக்கா எனக்குக் கூடப்பொறந்த அக்கா மாதிரி. எங்கம்மாகிட்டகூட இவ்ளோ மரியாதையா பேசுனதில்ல. வேணும்னா இப்பவே அக்கா கால்ல..."

"ஐயோ, நிறுத்துங்க!" மயூரி பேனாவைக் கீழே போட்டார். "மந்தி, மண்டி, கொரங்கு, எல்லாத்துக்கும் திலகா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க ஒங்களவிட ஆறு வயசு சின்னவங்களாம். ரிப்போர்ட்டு அந்த 'அக்கா'வுக்குத்தான்!"