ஏழாம் நம்பர் காத்த துடக்கு

கிரிக்கெட் அட்டை ஒன்று எரிந்துபோனதற்காகச் சவரம் செய்யாமல் திரிந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஏழாம் நம்பர் அண்ணை. இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது நிரூபித்தால், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. ஊர் தொண்டைமானாறு. தாய் தகப்பன் வைத்த பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் சீவித்தது. கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய ஓர் அட்டையால்தான் மற்றப் பெயர் வந்தது. யாரோ ஒரு பந்துவீச்சாளரின் படம், மூலையில் பொன்னெழுத்தில் 7/25. உலகத்துக்கே இருபத்தைந்து மட்டும் அச்சடித்தார்கள், அதில் இது ஏழாவது என்று அர்த்தம். அந்தப் பந்துவீச்சாளர் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் அண்ணைக்குத் தெரியாது. அவர் கிரிக்கெட் பார்ப்பதே இல்லை.

அந்த அட்டை வந்த நாளிலிருந்து எதைக் கண்டாலும் “எத்தினை அடிச்சவை?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பஸ் ரிக்கற்றைக் கொடுத்த கொண்டக்ரரிடம் கேட்டார். ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளில், இறந்தவரைப் பற்றிய நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டிருந்த மகனிடமே கேட்டார். இருநூறு என்று பதில் வந்ததும், “சரியான கூட, மதிப்பில்லை” என்று முகத்தைச் சுழித்தார். அன்று அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அவ்விடத்தைவிட்டு ஓடியவன் நான்.

இதுவாவது பரவாயில்லை. மிச்ச இருபத்துநான்கு அட்டைகளும் யார் யாரிடம் இருக்கின்றன என்று இணையத்தில் தேடத் தொடங்கினார். ஒரே அச்சில் அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகள் என்பது அவருடைய கணக்கு. ஆகவே சிட்னியில் ஆறாம் நம்பர் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஆறாமண்ணை. பேர்மிங்காமில் எட்டாம் நம்பர் வைத்திருந்தவன் எட்டாந்தம்பி. மூன்றாம் நம்பர் ஒரு பெண்ணிடம் இருந்தது, அவ மூண்டாமக்கா. தைப்பொங்கலுக்கு எல்லாருக்கும் பனங்கட்டி, அதுதான் பனைவெல்லம், பார்சலில் போனது. எட்டாந்தம்பி நன்றி சொல்லி எழுதியிருந்தான். நல்ல வாசமாம், ஆனால் குளிக்கும்போது நுரை வரவில்லையாம்.

என்னுடைய கலியாணம் நெல்லியடியில் ஒரு மண்டபத்தில் நடப்பதாக ஏற்பாடு. எனக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. பதிவாளர் முன்னிலையில் என் பக்கத்துச் சாட்சியாகக் கையொப்பம் வைக்க அண்ணையைத்தான் கேட்டிருந்தேன். அன்று அவர் புதுப் பேனை ஒன்று வாங்கினார்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது நியூசிலாந்திலிருந்து ஒரு படம் வந்தது. அங்கே ஒருவருடைய வீட்டில் நெருப்புப் பிடித்து, பத்தொன்பதாம் நம்பர் எரிந்துபோய்விட்டது. கருகிய மூலையும் அந்த இலக்கமும்தான் மிச்சம். அலுவலகத்தில் ஒருவர் சந்தோசமாக ஓடி வந்து, ஒன்று குறைந்துவிட்டதால் அண்ணையின் அட்டைக்கு மவுசு கூடியிருக்கும் என்றார். அண்ணை கதிரையை விட்டு எழும்பினார்.

“செத்தவீட்டிலை நிண்டு காணி விலை கதைக்கிறியோ?”

அடுத்த நாளிலிருந்து தாடி. வெள்ளை வேட்டி. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதி முருகனிடம் போகிற மனிதர் போகவில்லை. இறப்பு நடந்த குடும்பத்தார் கோயிலுக்கும் நல்ல காரியங்களுக்கும் போகாமல் முப்பத்தொரு நாள் துடக்குக் காப்பதுபோல, இவரும் காக்கத் தொடங்கிவிட்டார். என் மேசைக்கு நாலடி தள்ளி நின்று விசயத்தைச் சொன்னார்.

“துடக்கோடை உன்ரை கலியாணவீட்டுக்கு நான் வரேலாது தம்பி. வேறை ஆளைப் பார்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஏழாம் நம்பரையும் கொளுத்தியிருப்பேன். அம்மா, பக்கத்து வீட்டு மாஸ்டரைக் கேட்கலாம் என்றா. மாட்டேன் என்றேன். அப்பா இருந்திருந்தால் நிற்கவேண்டிய இடம் அது. அந்த இடத்தில் வேறு ஆளை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அண்ணையை மோட்டார் சைக்கிளில் தூக்கிப்போட்டுக்கொண்டு, கலியாணத்தை நடத்தவிருந்த ஐயர் வீட்டுக்குப் போனேன். உள்ளே வர மறுத்து அவர் படலைக்கு வெளியே நின்றுகொண்டார். நான் முற்றத்தில் நின்று முழுவதையும் சொன்னேன். ஐயர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் என் காரியம் கெட்டிருக்கும்.

எரிந்தது எத்தனையாவது என்று கேட்டார். பத்தொன்பது. இவர்? ஏழு. ஐயர் விரலை மடித்து எண்ணினார்.

“பன்ரெண்டு தள்ளி. ஏழு தலைமுறைக்கு அங்காலை துடக்கில்லைத் தம்பி. போய் முழுகும்.”

படலைக்கு வெளியே அண்ணையும் விரலை மடித்து எண்ணிப்பார்த்தார். பிறகு அண்ணை மெதுவாக, எட்டாம் நம்பருக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

“அது முப்பத்தொரு நாள்தான். எட்டு இப்ப சுகமோ?”

“ஓம் ஐயா. பேர்மிங்காமிலை சுகமா இருக்கிறான்.”

அண்ணை முழுகினார், சவரம் செய்தார், பட்டுவேட்டியோடு மண்டபத்துக்கு எனக்கு முதலே வந்து நின்றார். புதுப் பேனையால் கையொப்பம் வைத்தார். வைத்தவர், சாட்சிகள் இரண்டு பேர்தானே என்று, பக்கத்தில் சின்னதாக 1/2 என்றும் எழுதிவிட்டார். பதிவாளர் அதை வெட்டச் சொல்லித் திட்டிய திட்டு மேளச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மற்றச் சாட்சியான பெண்ணின் பெரியப்பா, தான் எப்படி இரண்டாவதாகலாம் என்று இன்றைக்கும் கேட்கிறார்.

இது நடந்து கனகாலம். போன மாதம் நெஞ்சு நோவென்று என்னை ஆசுப்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அண்ணை தோடம்பழப் பையோடு வந்து கட்டிலடியில் குந்தினார். மருந்தைப் பற்றியும் கதைக்கவில்லை, டொக்டரைப் பற்றியும் கதைக்கவில்லை.

“வாற வழியிலை ஐயரிட்டைக் கேட்டனான். உனக்கும் எனக்கும் துடக்கில்லையாம். முழுகினாப் போதுமாம்.”

நல்லதாய்ப் போயிற்று, தாடி வளர்க்கிற வேலை மிச்சம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

“அவர் சொல்லுவார். நான் முப்பத்தொரு நாளும் காப்பன்.”

அன்றிலிருந்து வடைக் கடையைக் கண்டால் மற்றப் பக்கத்தால் நடக்கிறேன். அந்த மனிதரை நாலு வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போகவிடாமல் செய்ய எனக்கு மனமில்லை.