ரிப்பன் கட்டிய டப்பா

வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு பெண் கிளம்பிவிட்டால், அந்த வீட்டில் முதலில் காணாமல் போவது சீரகம்தான். அதன்பிறகு வெந்தயம், பெருங்காயம், ரேஷன் கார்டு, கடைசியில் மன நிம்மதி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் இந்த வரிசையில்தான் எல்லாம் போயின. கிளம்பியவள் நான்.

எல்லாவற்றுக்கும் காரணம் யூடியூபில் வரும் ஒரு அக்கா. கிறிஸ்தவ இல்லத்தரசிகளை உற்சாகப்படுத்துவதுதான் அவருடைய ஊழியம். விடியுமுன் எழுந்து ஜெபிப்பார். பிறகு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சப்பாத்தி மாவு பிசைவார். அவருடைய சமையலறை அடுக்கில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வெள்ளை டப்பாக்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். "சகோதரிகளே, நாம் தேய்க்கும் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு ஸ்தோத்திரம்" என்பார். எனக்குக் கண் கலங்கிவிடும். நான் பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் ஏன் ஸ்தோத்திரம் வராமல், "பாலைப் பொங்க விட்டது யாரு?" என்ற சத்தம் வருகிறது என்று யோசிப்பேன். அப்புறம்தான் புரிந்தது. எங்கள் வீட்டில் வெள்ளை டப்பாக்கள் இல்லை!

வாங்கிவிட்டேன். சீரகத்துக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று, மாவுக்குப் பெரிதாக ஒன்று, பலகாரத்துக்கு அதே மாதிரி பெரிதாக இன்னொன்று. எதன்மேலும் பெயர் ஒட்டவில்லை. (ஒட்டினால் அழகு கெட்டுவிடும் என்று அக்கா சொல்லியிருந்தார். அவருக்கென்ன, அவர் வீட்டில் தோசை சுடும் கணவர் இல்லை.)

ரூத் பிறந்ததும் நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். என் கணவர் மில்லில் ஃபிட்டர். அவருடைய அக்கா கிரேஸ் மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. தங்கமான மனசு. ஆனால் ஃபோன் போட்டால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னட்டி பியூலா, சும்மாதான இருக்க?"

அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும். ரூத் சுவரில் படம் வரைந்துகொண்டிருப்பாள். என் கையில் துடைப்பம் இருக்கும். "ஆமா மதினி, சும்மாதான் இருக்கேன்" என்பேன். ஃபோனை வைத்த பிறகு அந்தச் 'சும்மா' மட்டும் வீடு முழுக்க என் பின்னாலேயே வரும். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் போதும், வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது.

கணவரின் சொந்தச் சபை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பண்டிகை ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருட்களைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். வத்திராயிருப்பிலிருந்து தேங்காயும் வாழைத்தாரும் வரும். மம்சாபுரத்திலிருந்து காலைக் கட்டிய சேவல் வரும். அங்கே விலை ஏறுவது பொருளுக்காக அல்ல, கொண்டுவந்த ஆளுக்காக. போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். அவர் ஒருமுறை போட்டுக் கொடுத்த மாங்காய் ஊறுகாய் போன விலைக்கு மாமரமே வாங்கியிருக்கலாம். நான் அதுவரை கொண்டுபோனது கடை பிஸ்கட் பாக்கெட். ஏலம் விடுகிற பொன்னுத்துரை அண்ணாச்சி அதை ஒரு பூசணிக்காயோடு சேர்த்து, "இது இனாம்" என்று தள்ளிவிடுவார்.

இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். இனிப்புதான் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இனிப்பைக் காட்டி மயக்குவது லேசில்லை. பால்கோவாவை அவர்கள் சாம்பார் மாதிரி பார்த்துப் பழகியவர்கள். ஆகவே கேக்! அதுவும் பேரீச்சம்பழக் கேக்! அதுவும் குக்கரில், என் கையால்!

ஒத்திகைக்குச் செய்த முதல் கேக்கைத் தெரு நாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்படியே போய்விட்டது. (ராஜபாளையத்து நாய்களுக்கு மானம் அதிகம்.) ஆனால் பண்டிகைக்கு முந்தின நாள் செய்த கேக் இருக்கிறதே, அது எழும்பிய அழகைப் பார்த்து நான் சமையலறையிலேயே கைதட்டினேன். ரூத்தும் வந்து தட்டினாள். தெருவே மணத்தது. சூடு ஆறியதும் வெள்ளை டப்பாவில் வைத்து மூடினேன். அன்று சனிக்கிழமை என்பதால் வழக்கம்போல வாரத்துக்கான இட்லி மாவையும் ஆட்டி, அதையும் வெள்ளை டப்பாவில் ஊற்றி, புளிப்பதற்காக வெளியிலேயே வைத்தேன். சமையல் மேடையில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற அழகை ஃபோட்டோகூட எடுத்தேன். அக்காவின் சமையலறையேதான்.

காலையில் கணவர் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தார். நான் ரூத்துக்குத் தலை பின்னிக்கொண்டே, "ஏங்க, அந்த மாவு டப்பாவ ஃபிரிட்ஜ்ல வச்சிட்டுப் படுங்க" என்றேன். வைத்தார். மேடையில் மிச்சம் நின்ற டப்பாவின் மூடியைச் சுற்றி நான் டேப் ஒட்டி, சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். காற்றுப் பட்டால் கேக் காய்ந்துவிடும் என்று அக்கா சொல்லியிருந்தாரே!

பஸ்ஸில் டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று அதன்மேல் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது பார்த்தால் மூடி லேசாக உப்பியிருந்தது. "பாத்தியா ரூத், கேக் இன்னும் எழும்புது. எல்லாம் ஆண்டவரோட ஆசீர்வாதம்" என்றேன். பக்கத்து சீட் அம்மாள் டப்பாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

ஏலம் தொடங்கியது. பொன்னுத்துரை அண்ணாச்சி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மைக் இல்லாவிட்டாலும் அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். சேவல் போனது, வாழைத்தார் போனது. கடைசியில் என் டப்பாவைத் தூக்கினார்.

"ராஜபாளையத்துல இருந்து நம்ம பியூலா, தன் கையால சுட்ட கேக்கு! கடச் சரக்கு இல்ல! யாரு மொதக் கேள்வி?"

முதல் கையைத் தூக்கியது கிரேஸ் மதினி! உடனே ஐயரம்மா கை தூக்கினார். அவருக்குமேல் ஒரு தேங்காய் வியாபாரி. மதினி விடவில்லை. "எங்க வீட்டு மருமக சுட்டது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே ஏற்றினார். எங்க வீட்டு மருமக! சும்மா இருக்கிற மருமகள் இல்லை, சுட்ட மருமகள்! நான் தரையில் நிற்கவில்லை.

ஃபோன் அடித்தது. கணவர்.

"ஏட்டி, என்ன மாவு ஆட்டி வச்சிருக்க? கரண்டி எறங்க மாட்டேங்குது."

"தண்ணி ஊத்திக் கலக்குங்க" என்றேன், ஏலத்தில் கண்ணை வைத்துக்கொண்டே.

"ஊத்திட்டேன். மெதக்குது."

"என்னது மெதக்குது?"

"மாவுதான். உள்ள பேரீச்சம்பழம் வேற இருக்கு. தோசைக்கு எதுக்குட்டி பேரீச்சம்பழம்?"

கேக் அங்கே என்றால், இந்த டப்பாவில்? நிமிர்ந்து பார்த்தால் மதினி இன்னொரு தடவை கை தூக்கிக்கொண்டிருந்தார். வேண்டாம் மதினி, வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன்.

"அடிசக்க! பியூலாவும் ஏலத்துல எறங்கிட்டா!" என்றார் அண்ணாச்சி.

கூட்டம் சிரித்தது. மதினி திரும்பி என்னைப் பார்த்தார். தான் சுட்டதைத் தானே வாங்குகிற அளவுக்குத் தம்பி பெண்டாட்டியை விட்டால் ஊர் என்ன சொல்லும்? மதினி ஏற்றினார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நானே ஜெயித்துவிட்டால்? டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால் யாருக்கும் தெரியாதே! பர்ஸில் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் தூக்கினேன் கையை. மதினி தூக்கினார். நான் தூக்கினேன். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்று மதினி கூட்டத்துக்கு மேலாகக் கத்தினார். தலைமையாசிரியை கத்தினால் எப்படி இருக்கும்? சேவல்கூட வாயை மூடிக்கொண்டது. நான் மட்டும் கையைக் கீழே இறக்கவில்லை.

அண்ணாச்சிக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அடிச்சிக்கிடுற கேக்கு! கனத்தப் பாருங்க, எம்புட்டுக் கனம்!" என்று டப்பாவைத் தலைக்குமேல் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார்.

டொப்!

மூடி எங்கேயோ பறந்தது. ரிப்பன் அண்ணாச்சியின் காதில் தொங்கியது. வெள்ளையாக, நுரையாக, அமைதியாக மாவு பொங்கி அவர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. மைக் கொர்ரென்று இருமியது. அண்ணாச்சி ஒரு விரலை நக்கிப் பார்த்தார்.

"ஏலே, இது இட்லி மாவுல்லா!"

அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் காதில் கேட்கிறேன். போதகர் ஐயா அங்கியால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. போதாததற்கு ரூத், "அம்மா, அப்ப நம்ம கேக்க யாரு சாப்பிட்டா?" என்று உச்சக் குரலில் கேட்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று காத்திருந்தேன். பூமிக்கு அன்று விடுமுறை.

மதினி எழுந்து அண்ணாச்சியிடம் போனார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு விரலால் மாவைத் தொட்டு உரசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். பரீட்சையில் காப்பியடித்த பிள்ளை மாதிரி போய் நின்றேன்.

"உளுந்து எம்புட்டுட்டி போட்ட?"

"நாலு அரிசிக்கு ஒண்ணு, மதினி."

"மிக்ஸியா?"

"கிரைண்டர். உளுந்தத் தனியா, தண்ணி தெளிச்சித் தெளிச்சி ஆட்டுவேன்."

"வாராவாரமா?"

"ஆமா மதினி."

மதினி விரலில் இருந்த மாவை இன்னொரு தடவை உரசிப் பார்த்தார். "எங்க வீட்டுல மாவு இப்படிப் பொங்கி வருசக்கணக்காச்சு. பாக்கெட் மாவுலதான் காலம் ஓடுது" என்றார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, எங் கேள்வி அப்படியேதான் நிக்கி. ஏலத்த முடிங்க."

"செத்த நில்லுங்க" என்று கூட்டத்திலிருந்து ஐயரம்மா எழுந்தார். "பண்டிக வேலைல எங்க வீட்டுலயும் மாவு ஆட்டல. நாளைக்குத் திங்கக்கிழம. நானும் கேக்கேன்."

அவ்வளவுதான்! திங்கட்கிழமை என்ற சொல் பெண்கள் பக்கத்தில் தீயாகப் பரவியது. அன்று எந்த வீட்டிலும் மாவு இல்லை! கேக்குக்கு வாய் திறக்காதவர்கள் எல்லாம் கை தூக்கினார்கள். ஒரு அம்மாள் பாதி டப்பாவுக்கு மட்டும் கேட்கலாமா என்று விசாரித்தார். அண்ணாச்சி மாவுக் கையோடு மைக்கைப் பிடித்து ஓட்டினார் பாருங்கள், ஐயரம்மாவின் ஊறுகாய் எந்த மூலைக்கு! கடைசியில் மதினி ஜெயித்தார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வாராவாரம் யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல் நான் ஆட்டி வைக்கிற மாவு அது. அதற்கு இத்தனை கைகள் உயர்ந்ததைப் பார்த்த சந்தோஷம் எந்தச் சம்பள நாளிலும் எனக்கு வந்ததில்லை. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த அக்கா சொல்லித் தராமல், தானாக வந்தது.

மறுநாள் காலையில் மதினி ஃபோன் போட்டார். வாயில் இட்லி இருந்ததால் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை.

"பியூலா, வேலையா இருக்கியா? பொறவு கூப்பிடட்டா?" என்றார்.

நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். "இல்ல மதினி, சொல்லுங்க" என்றேன். சனிக்கிழமைதோறும் அவருக்கும் சேர்த்து ஆட்டச் சொன்னார். இன்றுவரை ஆட்டுகிறேன். அறுப்பின் பண்டிகைக்கு இப்போதெல்லாம் என் மாவுதான் கடைசி ஏலம். முன்னாலேயே விட்டால் கூட்டம் கலைந்துவிடுகிறதாம்.

கேக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கணவர் அதைத் துண்டு போட்டு, தோசைக் கல்லில் திருப்பிப் போட்டு, தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டு முடித்திருந்தார். நன்றாகத்தான் இருந்ததாம்.

அன்றுமுதல் அவர் சாப்பாட்டு ஜெபம் மாறிவிட்டது. தட்டின் முன் உட்கார்ந்து கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தப் பாத்திரத்துக்குள்ள எது இருக்கோ, அதுக்காக ஸ்தோத்திரம்" என்பார். ரூத் சத்தமாக ஆமென் சொல்வாள். நான் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் பரிமாறுவேன்.

போன மாதம் எங்கள் வீட்டில் போதகர் ஐயாவுக்கும் ஐயரம்மாவுக்கும் விருந்து. மதினியும் வந்திருந்தார். எல்லாவற்றையும் மேஜையில் மூடி வைத்துவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பயபக்தியோடு நின்றேன். ஐயா கைகளைக் குவித்துக் கண்ணை மூடினார். "எங்களுக்கு நீர் ஈந்த இந்த நல்ல ஆகாரத்துக்காக" என்று தொடங்கியதுமே, ரூத் அவர் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"ஐயா, மொதல்ல மூடியத் தொறந்து பாத்துக்கிடுங்க."