ஏழாவது வளைவு

மலை ரோட்டின் ஏழாவது வளைவில் கார் நின்றுவிட்டது. முன்பக்கம் புகை கிளம்ப, பஞ்சாட்சரம் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். திருப்பத்தூரில் வாங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. துணைக்கு வந்திருந்த மாட்டுத் தரகர் தீர்த்தகிரி, பின்சீட்டிலிருந்து நிதானமாக இறங்கினார்.

"தாகமா இருக்கும். தண்ணி காட்டுப்பா."

ஊற்றினான். கார் சீறியது. மறுபடி கிளப்பினான். பத்தடி நகர்ந்ததும் உள்ளே இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

பஞ்சாட்சரம் தன் ஏர் மாடு இரண்டையும் விற்று வாங்கிய கார் அது. மலைக்கும் ஆலங்காயத்துக்கும் வாடகைக்கு ஓட்டி, வருகிற பணத்தில் உழவுக்கு ஆள் வைப்பதாகத் திட்டம். மாட்டை விற்றுத் தந்த தீர்த்தகிரி, கயிறுகளை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவன் பெண்சாதி பாஞ்சாலை அவற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு அன்றைக்கே சொன்னாள்:

"காரு ஓடலன்னா ஏர்ல நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

கார் நின்றதற்கு மறுநாள் தீர்த்தகிரி சந்தைக்குப் போய்விட்டார். காரை விற்ற கோபால்சாமி, தகவல் கேட்டு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு மலைக்கே வந்தார். மெக்கானிக் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஃபேன் பெல்ட்டே இல்லீங்க. ஃபேனும் சுத்தல, தண்ணியும் சுத்தல. என்ஜின் கொதிச்சு இறுகிப் போச்சு."

"இன்னாது, இல்லியா?" என்றான் பஞ்சாட்சரம்.

"புது பெல்ட்டு, நானே போட்டேன்," என்றார் கோபால்சாமி. "வழியில அத்துட்டு என் தலையில கட்டப் பார்க்கறியா?"

"அத்திருந்தா வழியிலதான கெடக்கணும்? வாங்க, தேடலாம்."

ஏழு வளைவும் இறங்கித் தேடினார்கள். ஒரு ஒற்றைச் செருப்பும் துருப்பிடித்த அரிவாளும் கிடைத்தன. பெல்ட்டின் நூல்கூடக் கிடைக்கவில்லை.

"அப்ப நீங்கதான் கழட்டி வெச்சுக்கினீங்க."

கோபால்சாமிக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "என் கடையில அந்த பெல்ட்டு இருந்தா, வேற காரே குடுத்துடறேன்யா. வந்து பாரு."

போய்ப் பார்த்தார்கள். கடைக்குள் நுழைந்ததும், சாவிகளுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பெல்ட் தொங்கியது. தான் வாங்கும் சாமான் எல்லாவற்றிலும் கோபால்சாமி வைக்கும் சிவப்புப் பெயின்ட் பொட்டு அதிலும் இருந்தது.

"நேத்து வாசல்ல கெடந்திச்சு. நல்லாத்தான இருக்குதேன்னு நான்தான் மாட்டி வெச்சேன்," என்றாள் கடை பெருக்கும் பெரியம்மாள்.

கோபால்சாமி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் கோபால்சாமியைப் பார்த்தான். இருபது வருஷ வியாபாரத்தில் தன்னைத்தானே சந்தேகப்பட்டது அவருக்கு அதுவே முதல் தடவை. சொன்ன சொல் தப்பாமல், மறுநாள் வந்து வேறு காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தரகர் இல்லாமல் எதையும் வாங்கிப் பஞ்சாட்சரத்துக்குப் பழக்கமில்லை. சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பிய தீர்த்தகிரியிடம் விவரம் சொல்லப் பொறுமையில்லாமல், "வேற காரு தர்றாங்க, வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லி இழுத்துக்கொண்டு போனான். இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான். தீர்த்தகிரி வழக்கம்போல வெளியே காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

ஏழாவது வளைவில் மறுபடியும் புகை வந்தது.

பஞ்சாட்சரம் மூடியைத் தூக்கினான். பெல்ட் இல்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தொட்டுப் பார்த்தேனே அண்ணே. இந்தக் கையால தொட்டுப் பார்த்தேனே. அதுக்குள்ள அந்தப் பாவி எப்படிக் கழட்டினான்?"

தீர்த்தகிரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவன் தோளை ஆதரவாகத் தட்டினார்.

"அவர ஏம்பா திட்டற? வித்தவன் கயித்தோட எதையும் வூட்டுக்கு ஓட்டியாரக் கூடாதுன்னு, ரெண்டு தடவையும் நான்தான் கழட்டி அவரு வாசல்ல போட்டுட்டு வந்தேன். இந்தத் தடவ கயிறு கொஞ்சம் இறுக்கம், அறுக்க வேண்டியதாப் போச்சு."